அஞ்சாம் மாசம்: ஐஸ்கட்டியும் பச்சரிசியும் கேக்குது, இதுவும் மசக்கைதானா?

திருமங்கலத்து மருமக

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை, அஞ்சாம் மாசம் நடக்குது. முதல் மூணு மாசமும் நாக்கு செத்துப்போய்க் கிடந்துச்சு. சோறு வேகுற வாசனைக்கே குமட்டும். புளிப்பா எதைக் குடுத்தாலும் இறங்கும். அவரு யானைக்கல்லுல இருந்து கிளிமூக்கு மாங்கா வாங்கிட்டு வருவாரு, அயித்த உப்பு மொளகாப்பொடி தடவிக் குடுப்பாங்க. அதெல்லாம் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

இப்ப வாந்தி நின்னுருச்சு. ஆனா ஆசை வேற பக்கம் திரும்பிருச்சு. ஃபிரிட்ஜத் தொறந்து ஐஸ்கட்டிய எடுத்து நறுக்குநறுக்குன்னு கடிச்சாத்தான் மனசு அடங்குது. அரிசி அளக்கப் போனா ஒரு கை பச்சரிசி வாய்க்குள்ள போயிருது. பக்கத்து வீட்டுல பழைய செம்மண் செவர இடிச்சுத் தண்ணி தெளிச்சாங்க, அந்த வாசனைக்கு எச்சில் ஊறி அங்கயே நின்னுட்டேன். ஒரு சின்னக் கட்டிய எடுத்து வாயில போட்டத அயித்த பாத்துட்டாங்க. அன்னையில இருந்து வீட்டுல ஒரே பேச்சு. "சோறு போடாமயா வச்சிருக்கோம், ஊரு என்ன சொல்லும்"னு கேக்குறாங்க. எங்கம்மாகிட்ட போன்ல சொன்னா, "வாய் கேக்குறதக் குடுக்கலைன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும், கொஞ்சமாத் தின்னுட்டுப் போ"ங்குறாங்க.

ரெண்டு பேர்ல யார் சொல்றதக் கேக்குறது? ஐஸு வெறும் தண்ணிதானே, அதுல என்ன வந்துறப் போகுது? டாக்டரம்மாகிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

உசிலை அம்மாச்சி

நல்லா இருப்ப தாயி. வெக்கப்பட இதுல ஒண்ணுமே இல்ல. எங்க காலத்துல முழுகாம இருக்கவ அடுப்புக்கட்டி மண்ணச் சொரண்டித் திங்காத வீடு உண்டா? நான் தின்னேன், எங்க நாத்தனாரு திருநீறத் தின்னா. தின்னதுக்காக யாரும் யாரையும் வைய மாட்டாக. வயித்துப்பிள்ளக்காரிய வைஞ்சா அது சேராதும்பாக.

உங்க அயித்தகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு: பிள்ளைய அழ வைக்காதீக. மண்ணு திங்கிறது பட்டினிக்கு இல்ல. அது வாய் கேக்குறது. அதுக்குச் சோத்தக் கூட்டி வச்சாத் தீராது.

ஆனா ஒண்ணு, அப்பத்த மண்ணும் இப்பத்த மண்ணும் ஒண்ணு கெடையாது. சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி இடிச்ச செவத்துக் கட்டியெல்லாம் வாயில வைக்காத.

---

ஓய்வுபெற்ற ஊர் நர்ஸ் (பேரையூர்ப் பக்கம்)

மருமகளே, நீ இங்க எழுதினதே பெரிய விஷயம். கிராம சுகாதார செவிலியரா நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த ஒரு பதிலை வாங்கத்தான் ரொம்பப் பாடுபட்டேன். "மண்ணு திங்கிறியா"ன்னு நேராக் கேட்டா எந்தப் பொண்ணும் இல்லைன்னுதான் தலையாட்டும். "எனக்குத் தெரிஞ்ச பிள்ளைக அரிசி தின்னுருக்கு, சாக்பீஸ் தின்னுருக்கு, உனக்கு எது தோணுது"ன்னு கேட்டாத்தான் சிரிச்சுக்கிட்டே வாயைத் தொறக்கும். அங்கன்வாடியில நடத்துற சமுதாய வளைகாப்புல வளையல் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்போது, பக்கத்துல இருக்கவ சொன்னதக் கேட்டுத் தானும் சொன்ன பொண்ணுக எத்தனையோ.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் மாங்கா ஆசையும் ஐஸ்கட்டி ஆசையும் ஒண்ணு இல்ல. மாங்கா, புளி, நெல்லிக்கா எல்லாம் சாப்பாடு, அது மசக்கை. ஐஸ்கட்டி, பச்சரிசி, மண்ணு, சாம்பல், திருநீறு, சாக்பீஸ், செங்கப்பொடி, இதுக்கு வாய் ஏங்குனா முதல்ல ரத்தத்துல இரும்புச்சத்தைப் பாக்கணும். அதுலயும் ஐஸ்கட்டிய மென்னுக்கிட்டே இருக்கணும்ங்கிற ஆசைக்கும் இரும்புக் குறைவுக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்துல நல்லாத் தெரிஞ்ச ஒண்ணு. நீ கேட்ட மாதிரி ஐஸ் வெறும் தண்ணிதான், அது உன்னை ஒண்ணும் பண்ணாது, பல்லு வேணா கூசும். ஆனா அந்த ஏக்கம் உள்ள என்ன குறையுதுன்னு காட்டுது. அதை விட்டுறக் கூடாது.

மாசமா இருக்கும்போது உடம்புல ரத்தத்தோட அளவு 40, 50 சதவீதம் வரைக்கும் கூடுது. பிள்ளை, நஞ்சுக்கொடி, கூடுற ரத்தம் எல்லாத்துக்கும் சேர்த்துக் கர்ப்பகாலம் முழுமைக்கும் 1 கிராம் அளவுக்கு இரும்பு வேணும். நம்ம பொண்ணுக மாசமாகும்போதே கையிருப்பு குறைச்சலாத்தான் இருக்காங்க. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுல இந்தியா முழுக்கக் கர்ப்பிணிகள்ல 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்குப் பாதி பேருக்கு இருக்கிற ஒண்ணைச் சொல்ல எதுக்கு வெக்கம்?

உன் கர்ப்பிணி அட்டையில ஹெச்.பி. (ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் அளவு) கடைசியா என்ன போட்டிருக்கு? 11க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. 7க்குக் கீழ போனா கடுமை. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா, நெஞ்சு படபடங்குதா, காலையிலயே அசதியா இருக்கான்னும் எழுது. இரும்பு மாத்திரைய ஒழுங்காப் போடுறியா? உள்ளதச் சொல்லு, வைய மாட்டேன்.

காதுல சீழ் விஷயம்: பிள்ளைக்குக் காதுல சீழ் வடியிறது நடுக்காதுல கிருமி தாக்குறதால. சளி பிடிச்சா வரும், மல்லாக்கப் படுக்க வச்சே பாலூத்துறதும் ஒரு காரணம். நீ ஐஸ் தின்னதும் தின்னாததும் அதுக்குக் காரணமே ஆகாது. அம்மா பாசத்துல சொல்றாங்க, ஆனா அதை நம்பி மண்ணைத் திங்காத.

---

மேலூர் தமிழாசிரியர்

உசிலை அம்மா சொன்னதற்கு ஒரு பழைய சான்று உண்டு. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் விரும்பி உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். அரசனின் வீரத்தைப் பேசும் இடத்தில் இதை எடுத்துச் சொல்கிறார் என்றால், கர்ப்பிணி மண் உண்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும். குறுந்தொகை 287இல் நீர் கொண்ட மேகத்தைப் பச்சைப்புளிக்கு ஏங்கும் நிறைசூல் மகளிரோடு ஒப்பிட்டிருக்கிறார் கச்சிப்பேட்டு நன்னாகையார். புளிப்பும் மண்ணும் இரண்டுமே அன்றே பதிவாகியிருக்கின்றன.

இதைச் சொல்வது மண் நல்லது என்பதற்காக அல்ல. உங்கள் அத்தையிடம் காட்டுங்கள். வளர்ப்புச் சரியில்லாததால் வந்த பழக்கம் என்று அவர் நினைக்கக்கூடும். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழ்ப் பெண்களுக்கு நேர்ந்து வருவதுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

---

இயற்கைவழி

நர்சம்மா மீது மரியாதை உண்டு. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். எதற்கெடுத்தாலும் ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று போவது ஏன்? உடம்பு முட்டாள் இல்லை. எது குறைகிறதோ அதை நாக்கு கேட்கிறது. செம்மண்ணில் இரும்பு இருக்கிறது, இரும்பு குறைந்தவளுக்குச் செம்மண் வாசம் இழுக்கிறது. சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சுத்தமான புற்று மண்ணாகப் பார்த்துக் கொஞ்சம் கொடுத்தால் என்ன? நம் முன்னோர் அப்படித்தானே பிழைத்தார்கள்?

---

நாவல்மரம் (உணவியல் படிச்சவ, அழகர்கோவில் ரோடு)

இயற்கைவழி அண்ணே, கேக்க நல்லா இருக்கு, ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது.

ஒண்ணு, ஐஸ்ல இரும்பே கிடையாது. இரும்பு குறைஞ்ச உடம்பு அறிவோட கேக்குதுன்னா முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும்தானே கேக்கணும், ஏன் ஐஸக் கேக்குது? ரத்தம் குறைஞ்சவங்க ஐஸ் மெல்லும்போது மூளையோட மந்தம் கொஞ்ச நேரம் விலகுது, அதனாலதான் தேடுதுன்னு 2014ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. அது சரின்னா உடம்பு தேடுறது குறையைத் தீர்க்குற பொருளை இல்ல, அந்த நேரத்துச் சுகத்தை.

ரெண்டாவது, செம்மண்ணுல இருக்க இரும்ப நம்ம குடல் அப்படியே எடுத்துக்க முடியாது. அதவிட மோசம், சில களிமண் வகை சாப்பாட்டுல இருந்து வர்ற இரும்பையும் பிடிச்சு வச்சுக்கிட்டு வெளிய கொண்டுபோயிரும். குறைஞ்சதால தின்னு, தின்னதால இன்னும் குறையுற வட்டம் அது. பச்சரிசியும் அப்படித்தான். அதுல இருக்க பைட்டேட்டுங்கிற பொருள் இரும்பக் கட்டிப்போடும், வயிறும் ரொம்பிரும், கீரையும் பருப்பும் உள்ள போக இடம் இருக்காது. மண்ணுல வட்டப்புழு முட்டை, சாட்டைப்புழு முட்டை, பூனைக் கழிவுல இருந்து வர்ற கிருமி, பழைய பெயிண்டுல இருந்து ஈயம் எல்லாம் இருக்கலாம். புத்து மண்ணுக்கும் இது பொருந்தும். சாமி மண்ணுன்னா புழு விலகிப் போகாது. கர்ப்பத்துல ஈயம் ரத்தத்துல கலந்தா பிள்ளையோட மூளை வளர்ச்சியவே பாதிக்கும்.

சாப்பாட்டு ஆசைக்கு வருவோம். குறையுற சத்தைத்தான் நாக்கு தேடுதுங்கிறதுக்குப் பலமான ஆதாரம் இல்லன்னு 2014ல வந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. அமெரிக்காவுல மாசமா இருக்கவங்க சாக்லேட்டுக்கு ஏங்குறாங்க. இங்க புளிக்கும் மாங்காய்க்கும் ஏங்குறோம். கரு ஒண்ணுதான், ஆனா நாக்கு எந்த ஊர்ல வளர்ந்துச்சோ அந்த ஊர்ச் சாப்பாட்டத்தான் கேக்குது. உசிலம்பட்டியில பிறந்தவளுக்கு நடுராத்திரியில கருவாட்டுக் குழம்பு தோணும், வேற ஊர்க்காரிக்கு அந்த வாசனையே ஆகாது.

புளிப்பு ஏன் அவ்வளவு பேருக்குப் பிடிக்குதுன்னு நான் நினைக்கிறதச் சொல்றேன். முதல் மூணு மாசம் மோப்பம் கூர்மையாயிருது. சுடச்சுட ஆவி பறக்குற சோறு, தாளிப்பு எல்லாம் வாசனையத் தூக்கி அடிக்கும். மாங்காயும் நெல்லிக்காயும் குளுமையா, வாசனை கம்மியா, வாய் எச்சில இழுத்து விடுறதா இருக்கு. கசப்பு அந்த நேரத்துல அதிகமாத் தெரியும், புளிப்பும் உப்பும் அத மறைச்சுரும். கர்ப்பத்துல ஊறுற ஹெச்.சி.ஜி.ங்கிற ஹார்மோன் 9, 10 வாரத்துல உச்சத்துக்குப் போகுது, குமட்டலும் அந்தச் சமயத்துலதான் மோசமா இருக்கும். ஜி.டி.எஃப்.15னு இன்னொரு ஹார்மோன், கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. கர்ப்பத்துக்கு முன்ன அந்த ஹார்மோனுக்கு அதிகம் பழகாத உடம்புலதான் வாந்தி கடுமையா வருதுன்னு 2023 டிசம்பர்ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்துச்சு. மசக்கையில சுருண்டு கிடக்கவள "நடிக்கிறா"ன்னு சொல்ற வாயெல்லாம் இனியாவது மூடணும்.

---

இயற்கைவழி

ஐஸ் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. மண் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குப் புதிது. ஆனால் மாத்திரை போட்டாலே வயிறு கட்டிப்போகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்து தூக்கி எறிகிறார்களே, அதற்கு என்ன பதில்?

---

ஓய்வுபெற்ற ஊர் நர்ஸ்

நல்ல கேள்வி சார். மாத்திரைய வாங்கிட்டுப் போய் அரிசிப்பானைக்குப் பின்னால வச்சிருந்த பொண்ணுக நிறைய. கறுப்பாப் போறது இரும்பு மாத்திரை போடுற எல்லாருக்கும் வர்றது, பயமே வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணி, கீரை, கொய்யா, வாழைத்தண்டு. வெறும் வயித்துல குமட்டுனா சாப்பிட்டுப் போடலாம், ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம். முக்கியமா, மாத்திரையோட காப்பி, டீ, பால் கூடாது. முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது தள்ளணும். கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்துல முழுங்குனா ஒண்ணு இன்னொண்ண உள்ள விடாது. எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்கா, கொய்யாவோட போட்டா நல்லா ஏறும். மருமகளோட மாங்கா ஆசை இங்க உதவும், மதியம் சாப்பாட்டுக்கு மாங்காயோ நெல்லிக்காயோ கடிச்சுக்கட்டும்.

அரசு கொடுக்குற மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. நாலாம் மாசத்துல இருந்து நாளுக்கு ஒண்ணுன்னு 180 நாள், பிறந்த பிறகும் 180 நாள். ரத்தம் குறைஞ்சிருந்தா ரெண்டாக்குவாங்க. பூச்சி மாத்திரையும் மூணு மாசத்துக்கு மேல ஒரு தடவை உண்டு. மண்ணு தின்னவ அத நர்ஸ்கிட்டக் கேட்டே வாங்கணும்.

---

செல்லூர்த் தறி

நான் ஆம்பள, கேக்கலாமான்னு தெரியல. எங்க வீட்டுல ஆறாம் மாசம். தினமும் சாயங்காலம் ஆனா ஜிகர்தண்டா வேணும். விளக்குத்தூண் பக்கம் கூட்டிட்டுப் போனா அங்கயே நின்னு குடிச்சுட்டு, அடுத்த தெருவுல பானிபூரியும் கேக்குறா. அம்மா "ஆசைப்பட்டதக் குடுறா, ரெண்டு உசுருக்குச் சாப்பிடுறா"ன்னு சொல்றாங்க. கையில காசு இருக்கு, மனசும் இருக்கு. குடுக்கலாமா?

---

நாவல்மரம்

தாராளமாக் கேக்கலாம் அண்ணே. பொண்டாட்டிக்காகக் கேக்குற ஆம்பளைங்க இன்னும் நிறைய வரணும்.

முதல்ல சுகர். கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்குச் சோதனை பண்ணியாச்சா? வெறும் வயிறா இருக்கணும்னு கட்டாயமில்ல. 75 கிராம் குளுக்கோஸ் தண்ணியில கலந்து குடிக்கச் சொல்வாங்க, 2 மணி நேரம் கழிச்சு ரத்தத்துல 140 அல்லது அதுக்கு மேல இருந்தா சர்க்கரைன்னு எடுத்துக்குவாங்க. முதல் வருகையில ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை. ஆறாம் மாசம்னா உங்க வீட்டுல இப்பத்தான் சரியான நேரம். சென்னை டாக்டர் வி. சேஷய்யா பல வருஷம் வலியுறுத்தி வளர்த்த சோதனை முறை இது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பண்ணுவாங்க.

சோதனை சரியா இருந்தா எப்பவாவது ஒரு ஜிகர்தண்டா ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தினமும்னா அது சர்பத்துச் சர்க்கரை, ஐஸ்கிரீம் சர்க்கரை, காய்ச்சிச் சுண்டுன இனிப்புப் பால் எல்லாம் சேர்ந்தது. ரெண்டு உசுருக்குச் சாப்பாடுங்கிறது ரெண்டு மடங்கு இல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்ற கூடுதல் தேவை நாளுக்கு 350 கலோரி. ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் கூட ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டா அநேகமா முடிஞ்சுது. வீட்டுலயே பண்ணிக் குடுங்க: பாதாம் பிசின ராத்திரி ஊறவச்சு, காய்ச்சி ஆறவச்ச பால்ல போட்டு, நன்னாரி சர்பத்து ஒரு கரண்டி. ஐஸ் வேணும்னா கொதிச்சு ஆறுன தண்ணிய வீட்டுலயே உறைய வச்சுப் போட்டுக்கங்க.

என்னை உண்மையிலேயே பயமுறுத்துறது உங்க பானிபூரிதான். ஹெபடைட்டிஸ் ஈன்னு ஒரு மஞ்சக்காமாலை, அசுத்தமான தண்ணியில வர்றது. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிரும். கர்ப்பிணிக்கு, அதுலயும் கடைசி மூணு மாசத்துல வந்தா, 20 முதல் 25 சதவீதம் பேர் இறந்துபோகும் அபாயம் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்தப் புளித்தண்ணி எந்தக் குழாய்ல பிடிச்சதுன்னு நமக்குத் தெரியாது. பூரிய வாங்கிட்டு வந்து, தண்ணிய வீட்டுல கொதிக்கவச்சு ஆத்தி, புளியும் புதினாவும் கரைச்சுக் குடுங்க. ருசி இன்னும் நல்லாவே இருக்கும்.

---

தெற்குவாசல் பாத்திமுத்து

சுவரொட்டிய யாருமே சொல்லலையே? மதுரையில மாசமானவளுக்கு ரத்தம் ஊற கறிக்கடையில சொல்லி வச்சு வாங்குறது அதுதானே. எங்க மாமியா நல்லமிளகு தட்டிப்போட்டு வதக்கிக் குடுத்தாங்க. ஈரலும் குடுப்பாங்க. ரெண்டும் சரியா?

---

நாவல்மரம்

அக்கா, நீங்க சொல்லலைன்னா நானே எழுதியிருப்பேன். நம்ம ஊர்ப் பழக்கத்துல ரொம்பப் பொருத்தமான ஒண்ணு அது. சுவரொட்டிங்கிறது ஆட்டோட மண்ணீரல். செம்மறி ஆட்டு மண்ணீரல் பச்சையா 100 கிராம்ல 40 மில்லிகிராம் ஒட்டி இரும்பு இருக்கு, சாதாரணக் கறியில 2 மில்லிகிராம் இருந்தாலே அதிகம். அதுவும் உடம்பு சுலபமா எடுத்துக்கிற வகை இரும்பு. கீரையில இருக்கிறது அவ்வளவு லேசா ஏறாது.

ஈரல் மட்டும் அளவோட. அதுல வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பத்துல அது கூடிப்போனா பிள்ளைக்கு உறுப்புக் குறை வரலாம்னுதான் இங்கிலாந்துல கர்ப்பிணிகளுக்கு ஈரலே வேண்டாம்ங்குறாங்க. அதனால சுவரொட்டிக்கு முதலிடம். எதுவா இருந்தாலும் உள்ளே செவப்பு தெரியாம நல்லா வேகணும். கம்பியில குத்தி மேலோட்டமா வாட்டித் திங்கிறது இந்த நேரத்துல கூடாது.

கறி சாப்பிடாதவங்களுக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளு, கொள்ளு, தட்டப்பயறு, கூடவே எலுமிச்சை. மீன் ஆசைக்கு அயிரை, நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன் நல்லது. சுறா வேண்டாம், பெரிய மீன்ல பாதரசம் சேரும். ஆனா ஹெச்.பி. 9க்குக் கீழ போனவங்க சாப்பாட்ட மட்டும் நம்பி உக்காந்தா பிரசவத்துக்குள்ள ஏறாது. மாத்திரையும் சேர்ந்தே போகணும்.

---

அலங்காநல்லூர்க்காரி

ஒரு சந்தேகம். எனக்குப் பப்பாளி ஆசை. வீட்டுல பாத்தாலே அலறுறாங்க.

---

நாவல்மரம்

காயில, அரைப்பழத்துல பால் இருக்கும். அந்தப் பால் கர்ப்பப்பையச் சுருங்க வைக்கும்னு எலிகள்ல பாத்திருக்காங்க. அதனால காயும் அரைப்பழமும் வேண்டாம். 2002ல வந்த அதே எலி ஆய்வுல நல்லாப் பழுத்த பழத்தால எந்தக் கெடுதியும் வரல. வீட்டுல சண்டை எதுக்கு, கொய்யாவும் ஆரஞ்சும் சாப்பிடுங்க, பிரசவம் முடியிறதுக்குள்ள பப்பாளி எங்கயும் ஓடிப்போகாது.

---

திருமங்கலத்து மருமக

எல்லாரும் எழுதினத அயித்தகிட்டப் படிச்சுக் காட்டுனேன். புறநானூத்த ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எங்க அக்கா செங்கக்கட்டியக் கடிச்சா, எங்கம்மா அடிச்சுச்சு, பெத்தப்ப ரத்தம் போயிச் செத்துப்போனா"ன்னு சொன்னாங்க. இத்தன வருசத்துல வீட்டுல யாருகிட்டயும் சொன்னதில்லையாம். மறுநாள் அவங்களே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க.

ஹெச்.பி. 8.4. முதல்ல பாத்தப்ப 10.6 இருந்துச்சு. மாத்திரை குமட்டுதுன்னு ஒழுங்காப் போடல, அதையும் சொல்லிட்டேன். டாக்டரம்மா ஐஸ்கட்டி விஷயத்தக் கேட்டதும் வைவாங்கன்னு பாத்தேன், "இத முன்னமே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. மாத்திரை ரெண்டாக்கியிருக்காங்க, பூச்சி மாத்திரையும் குடுத்தாங்க. ஒரு மாசத்துல ஏறலைன்னா ஊசி வழியா இரும்பு ஏத்தணுமாம். நர்சக்கா, ஊசின்னா ரத்தம் ஏத்துறதா? அவரு பயப்படுறாரு. ஐஸ் ஆசை எப்ப போகும்?

---

ஓய்வுபெற்ற ஊர் நர்ஸ்

உங்க அயித்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அக்காவப் பறிகொடுத்த பயத்தத்தான் அவங்க இத்தனை நாளா கோவமாக் காட்டியிருக்காங்க. பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் கூடப் போனாலும் தாங்குறதுக்கு உடம்புல இருப்பு வேணும். நாங்க ஹெச்.பி.யப் பிடிச்சுத் தொங்குறது அதுக்குத்தான்.

ஊசின்னா ரத்தம் இல்ல. குளுக்கோஸ் ஏத்துற மாதிரி நரம்பு வழியா இரும்பு மருந்து ஏத்துவாங்க. ஆஸ்பத்திரியில உக்கார வச்சுக் கவனிச்சுக்கிட்டே பண்றது, அவரையும் கூட வரச் சொல்லு. ரத்தமே ஏத்துறது ரொம்பக் குறைஞ்சவங்களுக்கும் பிரசவம் நெருங்குனவங்களுக்கும். ஒரு மாசத்துல 1 புள்ளியாவது ஏறணும், ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. மறுக்காமப் போ. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல குடுக்குற பெட்டகத்துல பேரீச்சம்பழமும் இரும்பு டானிக்கும் இருக்கும், அதையும் வீட்டுல மத்தவங்களுக்குப் பங்கு வைக்காம நீ சாப்பிடு.

ஐஸ் ஆசை பெரும்பாலும் ஹெச்.பி. ஏறுறதுக்கு முன்னாலயே விட்டுப்போகும், இரும்பு உள்ள போக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே. அது போயிருச்சேன்னு மாத்திரைய நிறுத்திறாத.

---

கூடல்நகர் அக்கா

இந்த இழையப் படிச்சதும் கை நடுங்குது. எந்தங்கச்சி எட்டாம் மாசம், எங்க வீட்டுலதான் இருக்கா. சாமி ரூம்ல சூடம் குறைஞ்சுக்கிட்டே வருது. எலி தூக்குதுன்னு நினைச்சேன். இன்னைக்கு அவ பக்கத்துல உக்காந்தப்ப வாயில சூட வாசனை. கேட்டா இல்லங்குறா. இதுவும் அதே மாதிரி ஆசையா? ஹெச்.பி. பாத்தாப் போதுமா?

---

ஓய்வுபெற்ற ஊர் நர்ஸ்

போதாது. சூடம் வேற கதை. அரிசி, ஐஸ் மாதிரி நினைச்சு ஒரு நாளும் தள்ளாதீங்க. சூடம் விஷம். பெரியவங்களுக்கே 2 கிராம் அளவுல வலிப்பு வரலாம், நஞ்சுக்கொடியக் கடந்து பிள்ளைக்கும் போகும். பச்சைக் கற்பூரமும் அப்படித்தான், அந்துருண்டையும் அப்படித்தான். வீட்டுல இருக்க எல்லாத்தையும் இப்பவே எடுத்துப் பூட்டுங்க. அவளை வையாதீங்க, "எனக்கும் ஒருத்தி சொல்லியிருக்கா, எவ்வளவு தின்ன, கடைசியா எப்ப"ன்னு மெதுவாக் கேளுங்க. கிறுகிறுப்பு, வாந்தி, கை கால் வெட்டி இழுக்கிறது, பிள்ளை அசைவு குறையிறது, ஏதாவது இருக்கா?

---

கூடல்நகர் அக்கா

நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன், அழுதுட்டா. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு வில்லை தின்னிருக்கா. தலை கிறுகிறுங்குதாம். பிள்ளை அசையுதுங்குறா. வாந்தி எடுக்க வைக்கவா? காலையில கூட்டிட்டுப் போகவா?

---

ஓய்வுபெற்ற ஊர் நர்ஸ்

வாந்தி எடுக்க வைக்காதீங்க, வலிப்பு வந்தா மூச்சுக்குழாய்ல போயிரும். பால், எண்ணெய், நெய் எதுவும் குடுக்காதீங்க. காலையில வேண்டாம், இப்பவே 108க்குப் போன் போடுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி வர்ற வரைக்கும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருங்க. கர்ப்பிணி அட்டையையும் சூடத்து டப்பாவையும் கையில எடுத்துக்கங்க, எத்தனை மணிக்குத் தின்னான்னு அங்க டியூட்டி டாக்டர்கிட்ட முதல் வார்த்தையாச் சொல்லுங்க. சேர்த்துட்டு இங்க ஒரு வரி எழுதுங்க, முழிச்சிருக்கேன்.